அப்பாகிட்ட சொல்லு

மெஹருன்னிசா எழுந்து, எங்களுக்கு எதிரே கிடந்த காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வராந்தாவில் வைத்தார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப பேசுங்க" என்றார்.

அறையில் மிஞ்சியது மூன்றே பேர். கவுன்சிலிங் செய்கிற மெஹருன்னிசா, நான், என் வீட்டுக்காரர். கீழே செங்கம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து சூடான காகித வாசனை மாடி வரைக்கும் வந்தது. எனக்கு நாக்கு உலர்ந்துபோனது. பயத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்.

ஒரு நாற்காலியை எடுத்து வெளியே வைத்ததற்கு அவ்வளவு கோபமா என்றால், ஆமாம். அந்த நாற்காலியில்தான் என் மகள் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். நிஜத்தில் அவள் அப்போது வேலூரில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாள். ஆனால் அவள் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நானும் என் வீட்டுக்காரரும் அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். அவளை வெளியே அனுப்பிவிட்டால் நாங்கள் எப்படிப் பேசுவது?

கோபம் ஆகாது என்பவர்களுக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் டைப்ரைட்டர் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். எழுத்து நன்றாக இருக்கிறதாம். ஆனால் ரிட்டையர் ஆன பெண்மணிக்கு இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாதாம். தியானம் செய்யச் சொல்கிறார்.

ஐயா, நான் இருப்பது திருவண்ணாமலையில். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் தியானம் செய்ய எங்கள் ஊருக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார். எனக்குத் தியானம் எங்கே கிடைக்கும் என்று வழி சொல்லத் தேவையில்லை.

நான் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். மாவட்டம் பிரிந்த வருஷம் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தேன். திங்கட்கிழமை தோறும் மனுக்கள் வரும். புருஷன் அடிக்கிறான், மாமியார் வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள் என்று பெண்கள் ஆத்திரமாகச் சொல்வதை, 'மிகவும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பணிவையும் அன்பையும் நான் நகல் எடுத்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் பெண்களின் கோபம் எதுவும் அதன் சொந்த வார்த்தையில் ஃபைலுக்குள் போனதில்லை. நான் எழுதுவதாவது அப்படியே போகட்டும்.

வீட்டுக்குள் ஒரு தபால்காரி

என் வீட்டுக்காரரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இது கோபமில்லை, பழக்கம். அவர் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கல்யாணமான புதிதில் அங்கே பெரிய குடும்பத்தில் இருந்தோம். மாமனார், மாமியார் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு குழந்தை வேண்டும். யார் குழந்தையாக இருந்தாலும் சரி. "டேய், உங்க சித்தப்பாவுக்கு மோர் வேணுமானு கேளு." சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் குழந்தை கேட்ட பிறகுதான் பதில் வரும்.

எனக்கு அப்போது அது விளையாட்டாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

மாற்றலாகி டவுனுக்கு வந்து, கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். பெரியவர்கள் யாரும் கூட இல்லை. ஆனால் பழக்கம் மட்டும் எங்கள் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டது. அதற்குள் எங்களுக்குச் சொந்தமாக ஒரு தபால்காரி பிறந்து, பேசவும் கற்றுக்கொண்டிருந்தாள்.

"மதி, அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு."

"மதி, எனக்குப் பசி இல்லனு அம்மாகிட்ட சொல்லு."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். சண்டை இல்லாத நாட்களில் இடையிடையே நேராகவும் நாலு வார்த்தை பேசுவோம். சண்டை வந்தால் அதுவும் நின்றுவிடும். அவளுக்கு நாலு வயதாகிய ஒரு கார்த்திகையில் நின்றது, அப்புறம் திரும்பவே இல்லை. அந்தக் கார்த்திகையைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள், எனக்கே அதற்குள் போகப் பிடிக்கவில்லை.

கேஸ் சிலிண்டர்

மதி வேலூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய், அவர் தலைக்கு மேலிருந்த போனை எடுத்து வேலூருக்குப் போட்டேன். "மதி, கேஸ் காலியாயிடுச்சு. புக் பண்ணணும்னு அப்பாகிட்ட சொல்லு." போனை வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் மணி அடித்தது. அவர் எடுத்தார். "ம், ம், சரிம்மா" என்றார். புக் செய்துவிட்டுத் திரும்ப அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு வரும்னு அம்மாகிட்ட சொல்லு." திரும்பவும் மணி அடித்தது. இந்தத் தடவை நான் எடுத்தேன்.

"அம்மா" என்றாள். "எனக்கு இன்னிக்குப் பரீட்சை."

"சரி, சீக்கிரம் சொல்லு. சிலிண்டர் எப்ப வருதாம்?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "இதோட முடிஞ்சுது. இனிமே நான் போன் எடுக்க மாட்டேன். வீட்டுக்கும் வர மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பொங்கலுக்கு வரவில்லை. மாசி மாதம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. செங்கம் ரோட்டில் மெஹருன்னிசா என்று ஒருவர் இருக்கிறார், மதியின் கல்லூரி ஆசிரியைக்குத் தெரிந்தவர், புருஷன் பெண்டாட்டிகளை உட்காரவைத்துப் பேசவைப்பவர். 'ரெண்டு பேரும் போங்கள். போகாவிட்டால் என்னை மறந்துவிடுங்கள்.' கார்டில் இருந்தது அவ்வளவுதான். 'அன்புள்ள' கூட இல்லை.

பெற்ற பெண் விலாசம் எழுதி வைத்தியத்துக்கு அனுப்புகிறாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கார்டை அவர் பார்க்கிற இடத்தில் டி.வி. மேல் வைத்தேன். அவர் படித்தார். மறுநாள் அதன் பின்பக்கத்தில் 'சனி 11 மணி' என்று எழுதியிருந்தது.

கோபத்துக்குக் கீழே

சனிக்கிழமை அவர் மொபெட்டில் போனார். நான் ஷேர் ஆட்டோவில் போனேன்.

மெஹருன்னிசாவின் குடும்பம் தலைமுறைகளாக இந்த ஊரில் வியாபாரம் செய்வது. அவர் சென்னையில் படித்துவிட்டு வந்து, அந்த ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை எடுத்திருந்தார். காலையில் வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷில், பதினொரு மணிக்கு மேல் எங்களைப் போன்றவர்களுக்கு. வயது முப்பது இருக்கும். என்னைவிட எவ்வளவு சின்னவர் என்று கணக்குப் போட்டு அதற்கும் கோபப்பட்டேன்.

முதல் நாளே கேட்டார். "அக்கா, இப்ப கோபம் உடம்புல எங்க இருக்கு?"

"கையில. எதையாவது எடுத்து அடிக்கலாம்போல இருக்கு."

"சரி, அங்கயே இருக்கட்டும். தொரத்த வேணாம். அதுக்குக் கீழ இன்னா இருக்குனு மட்டும் பாப்போம்."

"கீழ இன்னா இருக்கும்? அங்கயும் கோபம்தான் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "சார், உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க."

மூன்று வாரம் அவர் 'ஒண்ணுமில்லைங்க' தவிர வேறெதுவும் சொல்லவில்லை. ஒரு மனுஷனுக்குள் எப்படி ஒன்றுமே இல்லாமல் இருக்க முடியும்? நான் மனசுக்குள் வைதுகொண்டே ஷேர் ஆட்டோ பிடிப்பேன்.

நாலாவது வாரம் மெஹருன்னிசா அந்தக் காலி நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டார். யாரிடம் பேச முடியாமல் மனசு அடைத்துக்கொண்டிருக்கிறதோ, அவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார். நான் மதியை உட்காரவைத்தேன். 'ஏன்டி எங்களை இப்படித் தெருவில் நிறுத்தினாய்' என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரரும் மதியைத்தான் உட்காரவைத்திருக்கிறார். "உங்கம்மா பேசறதக் கேட்டியா மதி" என்றார். "உங்கப்பாவுக்கு வாய் இருக்குதே, பரவாயில்ல" என்றேன். அவ்வளவுதான். மடை திறந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அந்த வருஷம் முழுக்கப் பேசியதைவிட ஜாஸ்தி. எனக்கு மூச்சு சீராக வந்தது. இந்தப் பெண்ணின் வைத்தியம் வேலை செய்கிறது என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் மெஹருன்னிசா எழுந்து நாற்காலியை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தும் உங்களுக்கு வேல செய்யுது" என்றார். "இப்ப பேசுங்க."

தீபத்தன்று மத்தியானம்

சரி, அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன்.

தீபம் என்றால் எங்கள் ஊரில் எல்லா வீடும் சத்திரம்தான். அந்த வருஷம் அவருடைய அக்கா, தங்கை குடும்பங்கள் பதினான்கு பேர் வருகிறார்கள் என்று எனக்கு முதல் நாள்தான் தெரியும். அவர் என்னிடம் சொல்லவில்லை. "அத்தைங்கலாம் வராங்கனு அப்பா சொல்லச் சொன்னாரு" என்று மதிதான் சொன்னாள். எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். ஐந்து மாத வயிற்றை வைத்துக்கொண்டு பதினான்கு பேருக்கு வடிக்க வேண்டும். அதை நேரில் நின்று சொல்லக்கூட இந்த மனுஷனுக்கு ஆகவில்லை. இனி இவரோடு ஒரு வார்த்தை பேசினால் நான் என் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று அடுப்பங்கரையில் நின்று சபதம் போட்டேன்.

தீபத்தன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் மலையைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆண்கள் வாசல் அறையில் சீட்டு ஆடினார்கள். நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். இடுப்பில் சுரீர் என்றது. பாத்ரூமுக்குப் போனேன். உதிரம்.

பக்கத்தில் மதி மட்டும்தான் இருந்தாள். "ஓடிப் போய் அப்பாவக் கூப்பிடு. அம்மாவுக்கு முடியலனு சொல்லு" என்றேன். ஓடினாள். வந்தாள். "சொல்லிட்டேன்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. சீட்டு ஆடுகிறவர்களின் சிரிப்பு நன்றாகக் கேட்டது. திரும்பவும் அனுப்பினேன். திரும்பவும் வந்தாள். "வர்றேன்னாரு" என்றாள்.

அவர் வரவில்லை. கடைசியில் பின்பக்கக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர்தான் அந்தக் கூட்டத்தில் எப்படியோ ஒரு ரிக்‌ஷா பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குழந்தை தங்கவில்லை. அன்று மாலை மலை உச்சியில் தீபம் ஏற்றியபோது ஊரே எழுப்பிய சத்தம் வார்டுக்குள் வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

அவர் வந்தார். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றார். மதியிடம் குனிந்து, "அம்மா ஏதாவது சாப்ட்டாளானு கேளு" என்றார்.

அதைக் கேட்ட நிமிஷம் எனக்கு வந்தது கோபம் என்ற வார்த்தைக்குள் அடங்காது. அதைத்தான் பதினைந்து வருஷமாக ஆறாமல் பார்த்துக்கொண்டேன்.

இருபது அடி

மாடி அறையில் நாற்காலி வெளியே போன பிறகு முதலில் வாயைத் திறந்தது என் வீட்டுக்காரர்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கூப்ட்டிருக்கலாம்."

"யார?" என்றேன். எனக்கே தெரியாமல் நேராகக் கேட்டுவிட்டேன்.

"என்னத்தான். தீபத்தன்னிக்கு. நான் வாசல் ரூம்லதான உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்ட்ட. என்னைக் கூப்டல. நான் அவ்ளோ வேணாதவனாப் போயிட்டேனா?"

"கூப்டலயா? ரெண்டு தடவ ஆள் அனுப்பினேன். வர்றேன்னு சொல்லி அனுப்பிட்டு சீட்டு ஆடினீங்க."

அவர் நிமிர்ந்தார். "யார அனுப்பின?"

"மதிய."

"எங்கிட்ட யாரும் வரல. மதி எதுவும் சொல்லல."

அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். பொய் சொல்லும்போது கூடவே சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அப்போதும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. எழுத வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

மெஹருன்னிசா மெதுவாகக் கேட்டார். "அக்கா, கோபம் இப்ப எங்க இருக்கு?"

"போறதுக்கு எடமில்லாம நிக்குது" என்றேன்.

நிஜம்தான். பதினைந்து வருஷம் அது போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஆள், விஷயமே தெரியாதவர். சொல்லாமல் விட்டவள் நாலு வயதுப் பெண். அவள்மேல் கோபப்பட முடியுமா? அப்படியானால் மிச்சம் இருப்பது யார்?

பாத்ரூமுக்கும் வாசல் அறைக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. "ஏங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர் சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பார். நான் போடவில்லை. போட்டால் சபதத்தில் நான் தோற்றதாகிவிடும். காலில் உதிரம் வழிகிறது, அப்போதும் நான் தோற்கத் தயாராக இல்லை. கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாரே, இதுதான் இருந்தது. பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

ஹாஸ்டல் ஷெட்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு ஒரே பஸ்ஸில் போனோம். பெற்றோர்கள் வந்து பார்க்க ஹாஸ்டல் வாசலில் ஒரு தகர ஷெட்டு, உள்ளே சிமெண்ட் பெஞ்சுகள். மதி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததைச் சொன்னேன்.

"தீபத்தன்னிக்கு நீ அப்பாகிட்ட சொல்லலனு எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. நீ சின்னப் புள்ள. உன்மேல எங்களுக்குக் கோபம் எதுவும் இல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என் மாமியார்கூட எனக்குத் தந்ததில்லை.

"என்னை மன்னிக்க வந்தியாம்மா?" என்றாள். "நீயா? என்னையா?"

நான் வாயைத் திறந்தேன். பதில் சொல்லாதீர்கள், முழுக்கக் கேளுங்கள் என்று மெஹருன்னிசா சொல்லி அனுப்பியிருந்தார். மூடிக்கொண்டேன்.

"வாசப்படி வரைக்கும் போனேன். சீட்டு ஆடறப்ப வராதனு காலையிலயே அப்பா அதட்டியிருந்தாரு. மொறைச்சாரு. பயந்து வந்துட்டேன். ரெண்டாவது தடவ நான் போகவே இல்ல. அண்டாவுக்குப் பின்னாடி நின்னுட்டு வந்து, வர்றேன்னாருனு சொன்னேன். அந்தப் பாப்பாவ நான்தான் கொன்னுட்டேன்னு எத்தன வருஷம் இருந்தேன் தெரியுமா? அதனாலதான் அப்புறம் நீங்க எது சொன்னாலும் ஓடி ஓடிப் போய்ச் சொன்னேன். உப்பு கம்மினு சொல்லச் சொன்னாலும் ஓடினேன். சொல்லாம வுட்டா யாராவது செத்துடுவாங்கனு. ரெண்டு பேருக்கும் வாய் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் காது இருந்துச்சு. நடுவுல நான் எதுக்கு?"

அவள் அழவில்லை. கோபம் தொண்டை நரம்பில் தெரிந்தது. அது என் கோபம், எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குரலை இறக்கி அவளே கேட்டாள். "அது தம்பியா, தங்கச்சியா?"

எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. துணியில் சுற்றி அவரிடம் கொடுத்திருந்தார்கள். எங்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார் என்றும் எனக்குத் தெரியாது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொண்ணு" என்றார். மதியிடம் இல்லை, என்னிடம். "நீ கேப்பேனு இருந்தேன்."

"பதினஞ்சு வருஷமா?" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ, ஷெட்டே அதிர்ந்தது. "பதினஞ்சு வருஷம் வாயில வெச்சிக்கினு இருந்தீங்களா? நான் பெத்ததுங்க. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?" அவரும் எழுந்து நின்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "நான் ஒருத்தனே கைல ஏந்திக்கினு போனேன். தனியாப் போனேன். ஒரு வார்த்த கேட்டியா?"

மற்றப் பெற்றோர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வார்டன் அறைக் கதவு திறந்தது. நான் பதிலுக்குக் கத்தினேன். அவர் அதற்குப் பதில் கத்தினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே கத்தினோம்.

மதி எங்கள் நடுவிலிருந்து எழுந்தாள். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் கொண்டுபோயிருந்த பையை இழுத்து மடியில் வைத்து, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்ன ஆரம்பித்தாள்.